பிரியதத்த மந்திரமும் என் திக்குவாயும்

என் அப்பா டிராம் கண்டக்டர். பினாங்கு ஜெட்டியிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை ஓடிய டிராமில், காக்கிச் சட்டையும் தோல்பையுமாக நின்றுகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்தையும் மலாய்க்காரருக்கு ஒரு மாதிரி, சீனருக்கு ஒரு மாதிரி, நம்மவர்களுக்கு ஒரு மாதிரி கூவுவார். டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் பலகை வீடு. டிராம் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் குரல் சந்துக்குள் வந்துவிடும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் அம்மா சோற்றை இறக்குவாள்.

அந்த மனிதருக்குப் பிறந்த எனக்குத் திக்குவாய்.

எல்லா எழுத்தும் எனக்குப் பகை அல்ல. 'ம' வந்தால் வழுக்கிக்கொண்டு போய்விடுவேன். 'க' கொஞ்சம் இடறும். 'ப'வில்தான் உதடு ஒட்டிக்கொள்ளும். என் பெயரே அந்த எழுத்தில் தொடங்குகிறது என்பது ஞானஸ்நானத்தின் போது யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. பள்ளிக்கூடத்தில் புது வாத்தியார் வந்து பெயர் கேட்டால், பக்கத்துப் பையன்கள் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்குவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் வகுப்பு முழுவதும் தயாராக இருக்கும்.

வீட்டில் மட்டும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. வேலை எந்த நேரத்தில் முடிந்தாலும் அப்பா சாப்பிடுவதற்கு முன் எங்களைக் கூட்டி வைத்துச் செபமாலை சொல்வார். மாதாவை வாழ்த்தும் பிரியதத்த மந்திரத்தின் முதல் பாதியை அவர் தனியாகச் சொல்ல, பிற்பாதியை அம்மாவும் தங்கையும் நானும் சேர்ந்து சொல்வோம். மற்றவர்களோடு சேர்ந்து சொல்லும்போது எனக்குத் திக்காது. ஏன் என்று தெரியாது. அவர்கள் இரண்டு பேர் குரலுக்கு நடுவில் என் குரலும் தடையில்லாமல் ஓடும். ஆனால் முதல் பாதி 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்கும். அதைத் தனியாகச் சொல்லவேண்டி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்குப் பயம்.

எனக்குப் பதினான்கு வயதானபோது அந்த நாள் வரப்போகிறது என்று தெரிந்தது. எங்கள் தமிழ்க் கோவிலில் அக்டோபர் மாதம் முழுவதும் மாலையில் செபமாலை நடக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் முன்னால் போய் முழந்தாளிட்டு அதை நடத்த வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் அப்பா என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"இந்த வருஷம் நம்ம வீட்டு முறைக்கு நீ செபமாலைல ஒரு பத்து மணி உருட்டிச் சொல்லணும், தம்பி."

"எ... எனக்கு வராதுப்பா."

"வர்ற மாதிரி சொல்லு போதும். கோவில் எங்கயும் ஓடிப் போயிடாது. மெதுவாச் சொல்லு."

அவர் கேலி செய்யவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. வீட்டுக் காரியத்தில் எனக்கும் ஒரு பங்கு கொடுக்கிறோம் என்ற சந்தோஷம்தான் அவர் முகத்தில் இருந்தது. அதனாலேயே என்னால் மறுக்க முடியவில்லை.

அக்டோபருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. நான் யாருக்கும் சொல்லாமல் ஒரு நவநாள் தொடங்கினேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஒன்பது நாள் தொடர்ந்து கோவிலுக்குப் போய், மாதா சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரே ஒரு வரம் கேட்டேன். என் நாக்கைச் சரிசெய்ய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். மனசுக்குள் கேட்டதால் திக்காமல் கேட்டேன். ஒவ்வொரு நாளும் எழுந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் நம்பிக்கை கூடும். ஒன்பதாம் நாள் வெளியே வந்து, கோவில் படியிலேயே நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். இரண்டே தடவைதான் இடறியது. துள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

சந்து முனையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா நின்றுகொண்டிருந்தார். அப்பா கண்டக்டராக இருந்த அதே டிராமை ஓட்டுபவர். நெற்றியில் திருநீறு கலைந்திருந்தது. அந்த நேரத்தில் அவர் டிராமில் இருக்க வேண்டியவர்.

"தம்பி, பதறாதே. அப்பாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. வண்டியிலயே விழுந்துட்டாரு. அம்மா அங்கதான் இருக்காங்க. வா, போவோம்."

டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருந்தவர், அடுத்த நிறுத்தத்தைக் கூவ வாயைத் திறந்தாராம். சத்தம் வரவில்லையாம். மாமா திரும்பிப் பார்த்தபோது அப்பா கம்பியைப் பிடித்தபடியே சரிந்துகொண்டிருந்தாராம்.

மூன்று வாரம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். வலது கையும் காலும் சுவாதீனம் குறைந்திருந்தன. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருந்தது: "போலாம்." டிராம் புறப்படுவதற்கு மணியடித்துவிட்டு ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன வார்த்தை. தண்ணீர் வேண்டுமானாலும் "போலாம்". கொசு கடித்தாலும் "போலாம்". தங்கை அவர் மடியில் ஏறி உட்கார்ந்தால் மிக மென்மையாக, நீட்டி, "போலாம்". ஒன்பது வயதான அவள்தான் முதலில் அந்தப் பாஷையைப் படித்துக்கொண்டாள்.

"அப்பா காப்பி கேக்குறாங்கம்மா. சீனி கம்மியா."

"அது எப்படிடி உனக்குத் தெரியும்?"

"அப்படித்தானே சொன்னாங்க."

அப்பா இடது கையால் அவள் தலையைத் தட்டிச் சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். வீட்டில் சிரிக்காமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

நான் கேட்டது நாக்கு. ஒன்பதாம் நாள் மாலை, நான் கோவில் படியில் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்த அதே நேரத்தில், அப்பாவின் நாக்கு போயிருந்தது. பதினான்கு வயதில் இதை எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் எனக்கு ஒரே விடைதான் வந்தது. நான் கேட்டதைக் கொடுக்க அப்பாவிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். எடுத்ததையும் எனக்குக் கொடுக்கவில்லை. என் திக்கல் பழையபடி, அதற்கும் மேலாக, திரும்பி வந்துவிட்டது. என்மேல் எனக்கு வந்த வெறுப்புக்கும் சர்வேசுரன்மேல் வந்த கோபத்துக்கும் நடுவில் எது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

நான் செபிப்பதை நிறுத்தினேன். வெளியே தெரியாமல் நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், ஆனால் சுவாமியார் நாக்கில் வைக்கும் நன்மையை வாங்க எழுந்திருக்க மாட்டேன். மாலையில் வீட்டில் முழந்தாளிடுவேன், வாயைத் திறக்க மாட்டேன். முதல் நாளே அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, அப்பா எடத்துல நீதான் சொல்லணும்" என்றாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். திக்குவாயைக் காரணமாக அவள் நினைத்திருக்கலாம். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதனால் தங்கை செபமாலை சொன்னாள். அவள் சொன்னதைச் செபமாலை என்று சொல்வதா, குதிரைப் பந்தயம் என்று சொல்வதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான். முதல் பாதி முடியும் முன்பே பிற்பாதியை அவளே பிடித்துக்கொள்வாள். அம்மா மூச்சு வாங்கப் பின்னால் ஓடுவாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையில் மணிகளை உருட்டிக்கொண்டிருப்பார். அவர் உதடு அசைவதை நான் பார்த்ததுண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்படி ஏறக்குறைய மூன்று மாதம் போயிற்று. அம்மா தையல் வேலை எடுத்து வந்து செய்தாள். கோவில் பீட விரிப்புகளைத் தைக்கும் வேலையும் அவளுக்கு வந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பாவை நடக்க வைப்பது என் பொறுப்பு. அவர் இடது கையை என் தோளில் ஊன்றிக்கொள்வார். சந்து முனைவரை போய்த் திரும்புவோம். பேச முடியாத ஒருவரும் பேச விரும்பாத ஒருவருமாக நடப்போம். டிராம் வந்தால் நின்று பார்ப்போம். மாமா மணியை இரண்டு தடவை கூடுதலாக அடித்துவிட்டுப் போவார். அந்த நடைகளில் அப்பா என்மேல் சாய்ந்த பாரம் எனக்குப் பிடித்திருந்தது. அது என் குற்றத்துக்கான தண்டனை என்று நினைத்துப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் தங்கைக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. இரண்டு கன்னமும் வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டி, வாயைத் திறக்க முடியாமல் படுத்திருந்தாள். ஒரு மாலையில் பக்கத்து வீட்டு அத்தைக்கு, அதாவது டிராம் ஓட்டும் மாமாவின் மனைவிக்கு, பிரசவ வலி எடுத்தது. மருத்துவச்சிக்கு உதவியாக இருக்க அம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். போகும்போது வாசலில் நின்று, "நேரமானா நீங்களே செபமால சொல்லிடுங்க" என்றாள். யார் சொல்வது என்று அவள் சொல்லவில்லை.

விளக்கேற்றினேன். அப்பா செபமாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் கட்டிய துணியைக் கையால் காட்டினாள்.

"போலாம்" என்றார் அப்பா.

நான் அசையவில்லை. அவர் இடது கையால் செபமாலைச் சிலுவையைத் தூக்கி என் பக்கம் நீட்டினார். எவ்வளவு நேரம்தான் அந்தக் கையை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பது? போய் முழந்தாளிட்டேன். விசுவாச மந்திரம், பரமண்டல மந்திரம் எல்லாவற்றையும் எப்படியோ தள்ளிக்கொண்டு வந்தேன். பிறகு அந்த வார்த்தை வந்தது.

"ப்... ப்... ப்..."

உதடு பூட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் இந்த இடத்தில் யாராவது சிரிப்பார்கள், அல்லது யாராவது இரக்கப்பட்டு எனக்காகச் சொல்லி முடிப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். அப்பா இரண்டையும் செய்யவில்லை. அவர் காத்திருந்தார். எனக்குத் தெரிந்தவர்களில் யாரும் அவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருந்ததில்லை.

"பி... பிரியதத்தத்தினாலே..."

ஒரு வழியாக முதல் பாதியைச் சொல்லி முடித்தேன். பிற்பாதி சொல்ல ஆள் இல்லை. அம்மா இல்லை, தங்கையால் முடியாது. நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் என்று மூச்சை இழுத்தேன். வரவில்லை.

அப்போது நாற்காலியிலிருந்து, "அர்ச்சிஷ்ட மரியாயே..." என்று கேட்டது.

கரகரத்த குரல். ஆனால் அவருடைய குரல். "சர்வேசுரனுடைய மாதாவே" என்று அது தொடர்ந்தது. ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை குழறாமல், ஆமென் வரைக்கும் சொல்லி நின்றது.

தங்கை கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். என்னைவிட அவர்தான் அதிகமாகத் திகைத்திருந்தார். "போலாம்?" என்று கேட்டார், சொன்னது தான்தானா என்று கேட்பதுபோல. நான் மறுபடி தொடங்கினேன். மறுபடி திக்கினேன். அவர் மறுபடி காத்திருந்து பிற்பாதியைச் சொன்னார். பத்து மணிகளையும் உருட்டி முடித்தபோது எங்கள் மூவர் முகமும் நனைந்திருந்தது.

தங்கை அத்தனை வேகமாகச் சொன்ன மூன்று மாதமும் அவருடைய வார்த்தை கிளம்பி வர இடமே இருந்திருக்கவில்லை. நான் அறுபது விநாடி எடுத்துக்கொண்டு சொன்னதால் அவருக்கு அந்த அவகாசம் கிடைத்தது. இதை நான் அன்றைக்கே யோசித்தேன் என்று சொன்னால் பொய். பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

ஏழு மணிக்கு மேல் அம்மா ஈரக் கையோடு உள்ளே வந்து, "ஆம்பளப் பிள்ள" என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன். அப்பாவின் பேச்சைப் பற்றிச் சொல்ல வந்தவன், எப்படியோ நவநாளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவில் படி, நான் கேட்ட வரம், ஒன்பதாம் நாள், எல்லாம் திக்கித் திக்கி வெளியே வந்தது. அம்மா பாதியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தன நாளா இதையாய்யா மனசுல வெச்சிருந்தே?"

"நா... நான் கேட்டதாலதானே..."

"ஒருத்தர் நாக்க எடுத்து இன்னொருத்தருக்கு வெக்கிறதுக்கு, இது என்ன பாசாரா? மாதா மீன் விக்கிறாங்களா?" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதாள். "உங்கப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு. டாக்டர் போன வருஷமே சொன்னாரு. உப்ப நிறுத்துங்கன்னு நான் கத்தினேன். இவரு ஊறுகா ஜாடிய ஒளிச்சு வெச்சுத் தின்னாரு. நீ கேளு இவர்கிட்ட."

அப்பா வெட்கப்பட்ட பையனைப்போல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னைக் கிட்டே வரச் சொல்லிக் காதைப் பிடித்து முறுக்கினார். வலிக்கும்படி முறுக்கினார். அந்தக் கையை அப்படியே என் கன்னத்தில் வைத்துக்கொண்டார். மூன்று மாதமாக என் நெஞ்சில் இருந்தது அந்த ஒரு கை வைத்ததில் இறங்கிப் போயிற்று.

அந்த வாரம் எங்கள் வீடு நிறைந்துவிட்டது. அப்பா பேசிவிட்டார் என்று சந்து முழுவதும் செய்தி. பிள்ளை பிறந்த வீட்டுத் தீட்டையும் பார்க்காமல் மாமா ஓடி வந்தார். "அண்ணே, என் பேரச் சொல்லுங்க, பாப்போம்" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். அப்பா முயன்றார். நெற்றி நரம்பு புடைத்தது. "போலாம்" என்றுதான் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டோம். ஆயிரம் தடவை சொல்லிப் பழகிய வார்த்தைகள் சில பேருக்கு இப்படி அழியாமல் இருக்கும் என்றும், யோசித்துப் பேசும் பேச்சு வராமலே போகலாம் என்றும் சொன்னார்.

ஆக, அது மாதா செய்த புதுமை, அற்புதம் எதுவும் இல்லை. எனக்கு மறுபடி ஏமாற்றமாக இருந்தது. இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் கோவிலுக்குப் போய், அதே மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, எனக்குக் கோபம் என்று சொன்னேன். உள்ளுக்குள் அல்ல, வாய்விட்டு. ஆள் இல்லாத கோவிலில் என் திக்கல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. சொல்லி முடித்த பிறகும் எனக்குப் போக மனசில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வரம் கேட்பதற்கு அல்லாமல் நான் கோவிலில் சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமை சுவாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நன்மை வாங்கினேன்.

அக்டோபரில் எங்கள் வீட்டு முறை வந்தது. மாமா தம் வேலையை மாற்றிக்கொண்டு, அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றி, தாம் பக்கத்திலேயே நடந்து வந்தார். கோவில் வாசல்வரை வந்தவர், "நீங்க போங்க, நான் வெளியில நிக்கிறேன்" என்றார். அம்மா விடவில்லை. அவரும் கடைசிப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

முன்னால் அப்பாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தது. நான் அதன் பக்கத்தில் முழந்தாளிட்டேன். செபமாலையின் ஐந்து பத்தில் முதல் நான்கையும் அம்மாவும் தங்கையும் சொன்னார்கள். கடைசிப் பத்து எனக்கு. பின்னால் என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் இருந்தது தெரியும்.

"ப்... ப்..."

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பி, யாரோ அதட்டியதும் அடங்கியது. அப்போது அப்பா, தம் முறை வரும்வரை காத்திருக்காமல், என்னோடு சேர்ந்து முதல் பாதியையே தொடங்கினார். வருஷக்கணக்காக வீட்டில் அவர் சொல்லிவந்த பாதி அது. அவருடைய குரல் வந்து என் குரலோடு சேர்ந்ததும் என் உதடு திறந்துகொண்டது. ஐந்து மந்திரம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சாகச் சொன்னோம். திக்கவே இல்லை.

ஆறாவதில் அவர் களைத்துப்போய் நிறுத்திவிட்டார். தலை மார்பில் சாய்ந்திருந்தது. மீதி ஐந்தையும் நான் தனியாகச் சொன்னேன். ஐந்திலும் திக்கினேன். ஒன்றில் மிக மோசமாகத் திக்கினேன். கோவில் அவசரப்படவில்லை. அப்பா முன்பு சொன்னதுபோல அது எங்கும் ஓடியும் போகவில்லை. பூட்டிய உதட்டோடு அந்த மௌனத்தில் இருந்தபோது, பயத்தோடு கூடவே, யாரோ எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்ற ஓர் உணர்வு வந்தது. கோவிலில் இருந்தவர்களைச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் மாமா என் முதுகில் தட்டினார். "டிராம்ல கூட ஏறுறவங்க ஏறி முடிக்கிறவரைக்கும் நிக்கணும்லா" என்றார். தங்கை, தான் சொன்ன பத்துதான் எல்லாவற்றிலும் அழகு என்று வீடுவரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்பா அதன் பிறகு மூன்று வருஷம் இருந்தார். பேச்சு திரும்பவில்லை. மாலையில் மட்டும் அந்தப் பிற்பாதி தவறாமல் வந்தது. ஒரு மழைநாள் மதியத்தில், அம்மா வாழைப்பழத்தைச் சின்னச் சின்னதாக நறுக்கி ஊட்டிக்கொண்டிருந்தபோது, சாய்ந்துவிட்டார். சுவாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்கான அவஸ்தைப் பூசுதல் கொடுக்க நேரம் இருந்தது. டிராம்காரர்கள் காக்கி உடுப்போடு வந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

அவர் போனபோது எனக்குப் பதினேழு வயது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். அடக்கம் முடிந்த மறுநாளே கோவிலுக்குப் போனேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மா கேட்டிருந்த நூல்கண்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.